சொசைட்டிக்கு ஓசியில் வந்த புரோகிராம்

புரட்டாசி 6, திங்கள்

விடிந்ததிலிருந்து மூடாக்கு. மழை வரும் போல இருந்தது. வரவில்லை.

இது என் செல். திருப்பூரில் இருக்கும் மகன் போன தடவை வந்தபோது போட்டுக்கொடுத்தது. நான் பேசினால் எழுதிக்கொள்கிறது. பொத்தானை அமுக்கினால் எழுதினதைத் திருப்பிப் படிக்கிறது. எனக்கு எண் தெரியும், காலண்டர் பார்ப்பேன். எழுத்து தெரியாது. ஊடு என்றால் திணறுகிறது, வீடு என்றால் பிடித்துக்கொள்கிறது. அதனால் ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி நிறுத்திப் பேசவேண்டியிருக்கிறது. மற்றவர்கள் பேசினதை மட்டும் அவரவர் பேசினபடியே சொல்வேன். எழுதுவது அதன் பாடு.

மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து பேசுவது. பாவாயி பார்த்துவிட்டாள்.

"செல்லுகிட்டப் பேசறதுல பாதி எங்கிட்டப் பேசியிருந்தா நானும் ஒரு மனுசியா இருந்திருப்பேன்."

கல்யாணம் ஆன வருசத்திலிருந்து இதே குத்தல்தான். ஆள் மட்டும் மாறும். அப்போது என் அண்ணன், அப்புறம் எருது, இப்போது செல்.

செய்ய வேண்டியது: தவிடு. முட்டிக்குத் தைலம். கறவை மாட்டுக்குப் புதுக் கயிறு.

காலையில் சொசைட்டியில் கலாட்டா. ஊர்க்காரர்கள் நாங்களே பங்கு போட்டு நடத்தும் பால் சொசைட்டி. பாலை அளந்து, கொழுப்புப் பார்க்கும் மெஷினில் கொஞ்சம் விட்டால், கம்ப்யூட்டர் விலை போட்டுச் சீட்டு கொடுக்கும். இன்று சீட்டு வரவில்லை. திரையில் சிவப்புக் கட்டம். கோமதி படித்துச் சொன்னாள். கம்பெனிக்குக் கட்டின வருசச் சந்தா முடிந்துவிட்டதாம். புதுச் சந்தா கட்டினால்தான் திறக்குமாம். கேட்கிற தொகை போன வருசத்தைப் போல இரண்டு மடங்கு.

கோமதி எங்கள் செயலாளர். வேலை நிரந்தரமில்லை. வருசா வருசம் புரட்டாசி கழிந்து தலைவர் கையெழுத்துப் போட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. தலைவர் வேறு யாருமில்லை, பாவாயியின் தம்பி சின்னுசாமி. என் மச்சினன்.

"ஏம்மா கோமதி, இந்தப் பட்டுவாடாவுக்கு ஊத்தின பாலுக் கணக்கெல்லாம்?" என்று கேட்டேன்.

"உள்ளதான் இருக்குதுங்க. தொறக்கத்தான் முடியலைங்க."

"நம்ம பாலு, நம்ம மெசினு, நம்ம கரண்டு. பூட்டு மட்டும் எவனுதோ."

சொன்னது யார் என்று திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கோமதி சிரிக்கவில்லை. ஆயுத பூசைக்கு முன்னால் பட்டுவாடா ஆகவேண்டும். பாலைக் கையால் அளந்து, தாளில் குறித்து, லாரிக்கு ஏற்றிவிட்டாள். விரல் நுனியெல்லாம் மை.

புரட்டாசி 8, புதன்

வெயில். காற்றே இல்லை.

கமிட்டி கூடியது. நானும் கமிட்டியில் ஒருவன். கைநாட்டுக்காரன் எப்படி என்று வெளியூரார் கேட்பார்கள். ஆரம்பத்திலிருந்து இருப்பவனை எடுக்க மனசில்லை, அவ்வளவுதான்.

சேலத்திலிருந்து கம்பெனிக்காரர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை. நல்ல மாதிரியாகத்தான் பேசினார். இரண்டு வருசத்துக்குச் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி என்றார். டீ வாங்கிக்கொடுத்தோம்.

நான் கேட்டேன். "தம்பி, ஒரு லிட்டருக்கு இன்ன விலைன்னு அந்தப் பெட்டி எப்படிப் போடுதுன்னு பாக்க முடியுமுங்களா?"

"அது உள்ள இருக்குங்கய்யா. கம்பெனி ரகசியம். எங்களுக்கே காட்டமாட்டாங்க."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

சொசைட்டி வருவதற்கு முன் எங்கள் ஊர்ப் பாலை ஒருத்தர்தான் வாங்கினார். சைக்கிளில் இரண்டு பக்கமும் கேன். பித்தளைப் படி ஒன்று வைத்திருப்பார். அதை யார் கையிலும் தரமாட்டார். ஒரு நாள் அவர் மோர் குடித்துக்கொண்டிருந்தபோது என் அம்மா எடுத்துக் கழுவிவைக்கப் போனாள். பிடுங்கிக்கொண்டார். அந்த முகத்தை இன்றும் மறக்கவில்லை. அப்புறந்தான் படியின் அடித்தகட்டைத் தட்டிக் கீழே இறக்கியிருந்தது தெரிந்தது. சொசைட்டி ஆரம்பித்தபோது போட்ட முதல் சட்டமே, அளக்கிறதும் சோதிக்கிறதும் வாசலில், எல்லாரும் பார்க்க, சந்தேகப்பட்டவன் படியைக் கையில் வாங்கிப் பார்க்கலாம் என்பதுதான். இந்தப் பெட்டி வந்தபோது அது எங்களுக்கு ஞாபகம் வரவில்லை. கம்ப்யூட்டர் என்றதும் கும்பிட்டுவிட்டோம்.

கம்பெனிக்காரர் போனபிறகு கோமதி மெதுவாக ஆரம்பித்தாள். ஜேடர்பாளையம் பக்கத்தில் ஒரு சொசைட்டி. வேறு புரோகிராம் ஓட்டுகிறார்கள். சந்தா கிடையாது. பூட்டும் கிடையாது.

"அப்புறம் எவ்வளவு?" என்றான் சின்னுசாமி.

"சும்மாதானுங்க."

"ஓசியா?" நாற்காலியில் சாய்ந்துகொண்டான். "ஓசியில குடுக்கறவன் எதுக்கும்மா குடுக்கறான்? எலெக்சனா வருது?"

"வைரஸ் இருக்குமுங்க" என்றான் ஒருவன். வைரஸ் என்றால் என்ன என்று அவனுக்கும் தெரியாது.

இன்னொருவன்: "எம்பொண்ணுக்கு கவர்மெண்டு லேப்டாப் குடுத்தாங்களே, அதுலயும் ஓசி சரக்கு ஒண்ணு போட்டுத்தான் குடுத்தாங்க. மொத நாளே கடையில குடுத்து அழிச்சுப்போட்டு நல்லதை ஏத்திக்கிட்டு வந்தோம்."

"அந்த நல்லதைக் காசு குடுத்து வாங்கினீங்களா?" என்று கேட்டாள் கோமதி.

"கடைக்காரரு எங்கியோ சுட்டதுதான். அதுக்கென்ன?"

சொந்தமாக வைத்துக்கொள்ளச் சும்மா தந்ததை அழித்துவிட்டுத் திருடினதை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான். பெருமையாகச் சொல்கிறான். சின்னுசாமி தலையாட்டினான். எனக்கும் அப்போது அது சரியாகத்தான் பட்டது, அதையும் சொல்லிவிட வேண்டும். சும்மா வந்த பொருளை நம்ப எங்களுக்குப் பழக்கமில்லை.

கடைசியில், யாராவது போய்ப் பார்த்துவிட்டு வரட்டும் என்று முடிந்தது. நானும் கோமதியும்.

"மச்சான் போறாருன்னா பஸ்சு ஓசி" என்றான் சின்னுசாமி. கிழவனுக்குப் பஸ்ஸில் இலவசம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். கோமதிக்குத்தான் டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது. எனக்கு உண்டு.

புரட்டாசி 10, வெள்ளி

ஜேடர்பாளையம். படுகை அணையில் தண்ணீர் நிறைய. வாசலிலேயே மீன் வறுக்கிற வாசனை. புரட்டாசியில் மூச்சை மட்டும் இழுத்துக்கொண்டு நடந்தேன். கோமதி சிரித்தாள். இந்த வாரத்தில் முதல் தடவை.

அந்தச் சொசைட்டியில் கம்ப்யூட்டர் திரையை ஜன்னல் பக்கம் திருப்பிவைத்திருக்கிறார்கள். பால் ஊற்றுகிறவள் வெளியே நின்றபடி பார்க்கிறாள். கொழுப்பு இவ்வளவு, விலை இவ்வளவு, எப்படி வந்தது என்று கீழே ஒரு வரி. தப்பு என்றால் அங்கேயே சண்டை. எங்களுக்கு எதிரிலேயே ஒருத்தி சண்டை போட்டாள். தோற்றுப்போய்த்தான் போனாள். ஆனாலும் பார்த்துவிட்டுத் தோற்றாள்.

அந்தப் புரோகிராமைக் கவனித்துக்கொள்கிறவரும் வந்திருந்தார். பாஸ்கரன். அயோத்தியாப்பட்டணத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை. நாற்பது, நாற்பத்தைந்து இருக்கும். முன்வழுக்கை. எங்களுக்காகப் பஸ் மாறி வந்திருக்கிறார். அவர் பேச்சில் 'ங்க' குறைவு. கிழக்கே போகப்போக அப்படித்தான்.

"யாருங்க இதை எழுதினது?"

"நிறையப் பேரு பெரியவரே. நான் கொஞ்சம். கேரளாவுல ரெண்டு மூணு பேரு. யாருன்னே தெரியாத ஒருத்தர் எங்கேயோ வெளிநாட்டுல இருந்துக்கிட்டு, ஜாதகம் பாக்கறவரு மாதிரி தப்பை மட்டும் சொல்லுவாரு."

"உங்களுக்கு என்னங்க லாபம்?"

"எங்க ஊரு சொசைட்டிக்கு வேணும்னு ஆரம்பிச்சேன். அடுத்தவங்க சரி பண்ணதெல்லாம் எனக்குத் திரும்பி வருது. தனியா உக்காந்திருந்தா பத்து வருசம் ஆகியிருக்கும். கடைக்கு வேலையும் வருது. புரோகிராமுக்குக் காசு கிடையாது, வந்து மாட்டிக் குடுத்தா கூலி உண்டு."

அது எனக்குப் புரிந்தது. கூலி என்றதும்தான் ஆள்மேல் நம்பிக்கை வந்தது.

"கெட்டுப்போனா யாரைக் கேக்கறதுங்க?"

"என்னைக் கேளுங்க. நான் இல்லாட்டி வேற யாராவது. உள்ள இருக்கறது எல்லாம் திறந்துதான் கெடக்கு. விஷயம் தெரிஞ்ச யாரு வேணா பார்க்கலாம்."

"யாரு வேணான்னா, யாருமே இல்லைன்னு ஆயிராதுங்களா?"

சிரித்துக்கொண்டே தலையைச் சொறிந்தார். "அந்த பயம் எங்களுக்கும் இருக்கு. அதனாலதான் நிறையப் பேரு எடுத்துக்கணும்னு கெஞ்சிக்கிட்டுத் திரியறோம்."

நேர்மையான பதில். மனசில் குறித்துக்கொண்டேன்.

அப்புறம் என் செல்லைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். நான் பேசினால் எழுதுகிறதே, அதுவும் இப்படிப் பலபேர் சேர்ந்து எழுதிச் சும்மா விட்டதுதானாம். அது மட்டுமில்லை. செல்லுக்கே அஸ்திவாரம் மாதிரி அடியில் ஒன்று ஓடுமாம், அதுவும் இந்த ரகந்தானாம். பஸ் டிக்கெட் மெஷின், பாங்கு, பையன்கள் படம் பார்ப்பது, எல்லாவற்றுக்கும் அடியில் எங்கேயாவது இருக்குமாம்.

"ஊரே இதுமேலதான் நிக்குது பெரியவரே. ஆனா பேரைச் சொன்னா, ஐயய்யோ ஓசியான்னு பயப்படறாங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் பரமத்தி தாண்டியதும் கோமதி ஆரம்பித்தாள்.

"பெரியப்பா, தலைவரு நேத்தே சொல்லிட்டாருங்க. நீதான் இந்தப் பேச்சை எடுத்தே, வெளங்கலைன்னா இந்த வருசம் கையெழுத்துப் போடமாட்டேன்னு. கம்பெனிக்காரங்களே ஒரு புள்ளையை உக்கார வெக்கறாங்களாம்."

"அப்புறம் நீ என்ன பண்ணுவே அம்முணி?"

"மில்லுதானுங்க. விடியறதுக்கு முந்தி வேன் வரும். புள்ளைக ரெண்டும் தானா எந்திரிச்சு, தானா தின்னுட்டு, பள்ளிக்கூடம் போகோணும். எங்க வீட்டுக்காரரு போர் போடற ரிக்கு லாரியில போயி ஆறு மாசம் ஆச்சுங்க. வருவாருன்னு சொல்ல முடியாது."

"அப்ப விட்டுரலாமே. கம்பெனிக்கே கட்டிரட்டும்."

வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "பாலு ஊத்தறவங்க எங்கிட்டத்தானுங்க கேக்கறாங்க, ஏன் கொறையுதுன்னு. எனக்கே தெரியாம, கம்ப்யூட்டர் சொல்லுச்சுன்னு சொல்லிட்டிருக்கறேன்."



புரட்டாசி 12, ஞாயிறு

நேற்று புரட்டாசிச் சனி. பெருமாளுக்குத் தளிகை. வடை நன்றாக இருந்தது. முட்டி வலி.

இன்று கோயில் மண்டபத்தில் பால் ஊற்றுகிறவர்கள் எல்லாரையும் கூட்டினார்கள். பெண்கள்தான் அதிகம். என்னைப் பார்த்ததைச் சொல்லச் சொன்னார்கள். ஜன்னலைப் பற்றிச் சொன்னேன். சண்டை போட்டவளைப் பற்றிச் சொன்னேன். பித்தளைப் படியைப் பற்றியும். படி ஞாபகம் இருக்கிறவர்கள் என்னோடு மூன்று நாலு பேர்தான் மிச்சம். ஆமாம் ஆமாம் என்றார்கள்.

"படி வேற, கம்ப்யூட்டர் வேற மச்சான்" என்றான் சின்னுசாமி.

"வேறதான் மாப்ள. படியைக் கழுவவாச்சும் கேட்டோம். இதை அதுகூடக் கேக்கலை."

கை தூக்கச் சொன்னார்கள். பெண்கள் பக்கம் பட்டென்று தூக்கிவிட்டார்கள். ஆண்கள் பக்கம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு பாதி. பாவாயி தம்பி முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் கையைத் தொடைக்கடியில் வைத்திருந்தாள். அப்புறம் தூக்கினாள். வீட்டுக்கு வந்து, "உங்களுக்காவ இல்லை. கோமதி புள்ளைகளுக்காவ" என்றாள்.

சின்னுசாமி எழுந்து வேட்டியை உதறினான். "ஊரு சொன்னாச் சரி. ஆயுத பூசையன்னைக்குச் சாமி கும்பிட்டு ஏத்திக்கலாம். ஓடலைன்னா அப்பவே கம்பெனிக்குப் போன் போட்டுருவேன். கோமதி, அப்புறம் எம்மேல வருத்தப்படக்கூடாது."

"இல்லீங்க" என்றாள்.

கெட்டவன் இல்லை அவன். அப்பா போனபோது தங்கச்சிகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத்தான் தான் கட்டினான். கூட்டத்துக்கு முன்னால் தோற்பதுதான் அவனுக்கு ஆகாது.

புரட்டாசி 14, செவ்வாய்

தூறல். கொட்டகை ஒழுகுகிறது.

பாஸ்கரன் வந்து போனார். பழைய பெட்டிக்குள் இருந்த பால் கணக்கை எடுத்துவிட்டார். பூட்டு புரோகிராமுக்குத்தானாம், கணக்கு தனியாக ஓரத்தில் கிடந்ததாம். அதை வைத்தே கோமதி பட்டுவாடாவை முடித்துவிட்டாள். ஆயுத பூசை நோம்பிக்குக் காசு வந்ததில் எல்லாருக்கும் முகம் தெளிந்திருக்கிறது.

புதுப் புரோகிராமை விரல் நீளத்துக்கு ஒரு பென் டிரைவில் போட்டுக் கோமதி கையில் கொடுத்தார். எப்படி ஏற்றுவது என்று தன் லேப்டாப்பில் அவளையே செய்யவிட்டுக் காட்டினார். பூசைக்கு அவர் வரமாட்டார். மாமனார் ஊருக்குப் போகிறார்.

மாட்டுக்குக் கழிச்சல். வெந்தயம் கொடுத்தோம்.

புரட்டாசி 15, புதன்

ஆயுத பூசை. காலையில் வெயில்.

வீட்டில்: அரிவாள், மண்வெட்டி, மோட்டார் ஸ்டார்ட்டர், பாவாயியின் அரிவாள்மணை. என் செல்லுக்கும் ஒரு பொட்டு வைத்தாள். "இதுவும் உங்களுக்கு ஆயுதந்தான், எம்பேர்ல சாடி சொல்றதுக்கு."

சொசைட்டியில் பெரிய பூசை. கேன்களைப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்திருந்தார்கள். தராசு, கொழுப்பு மெஷின், கம்ப்யூட்டர், சின்னுசாமியின் மோட்டார் சைக்கிள். எல்லாவற்றுக்கும் அவனே தன் கையால் சந்தனம் பூசினான். பூசை என்றால் அவனுக்கு அரைகுறை ஆகாது. கோமதி பென் டிரைவைக் கொடுத்தாள். அதையும் குளிரக்குளிரச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, வாழையிலையில் நடுவில் வைத்தான். எனக்கு மனசுக்கு இதமாக இருந்தது. வேண்டாம் என்று சொன்னவன் இத்தனை பக்தியாகச் செய்கிறானே என்று.

பூசணிக்காய் உடைத்தார்கள். பொரி, கடலை, வெல்லம்.

அப்புறம் ஒரு தர்க்கம். இன்றைக்கே ஏற்றவேண்டும் என்றிருந்தான் சின்னுசாமி. பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. பூசையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்கே எடுத்து வேலை செய்யலாமா? நாளைக்கு விஜயதசமி, விடிந்ததும் எடுக்கலாம் என்று முடிவு. இலையோடு அப்படியே விட்டு அறையைப் பூட்டினோம். சாயங்காலப் பாலைக் கையால் அளந்தார்கள்.

புரட்டாசி 16, வியாழன்

இன்று நடந்ததை ஒழுங்காகச் சொல்ல வேண்டும்.

விடிகாலை. நசநசவென்று தூறல். எல்லாரும் கேனோடு வந்துவிட்டார்கள். கோமதி குளித்து, பூ வைத்து வந்திருந்தாள். இலையிலிருந்து பென் டிரைவை எடுத்துக் கண்ணில் ஒற்றினாள். மேலே இருந்த சந்தனத்தை முந்தானையில் துடைத்துக் கம்ப்யூட்டரில் செருகினாள்.

ஒன்றுமில்லை.

எடுத்துத் திரும்பச் செருகினாள். வேறு ஓட்டையில் செருகினாள். திரையில் அதே சிவப்புக் கட்டம். அவள் கழுத்தில் வேர்வை. தூறலிலும் வேர்வை.

"ஓசி சரக்கு" என்றது ஒரு குரல்.

"நாந்தான் அன்னைக்கே சொன்னேன்ல, வைரஸ்சுன்னு."

பாஸ்கரனைக் கூப்பிட்டாள். போன் எடுக்கவில்லை. மாமனார் ஊர் மலைப்பக்கம். சின்னுசாமி சட்டைப்பையிலிருந்து செல்லை எடுத்தான். அவன் முகத்தில் சந்தோசமில்லை. அதையும் சொல்ல வேண்டும். சொன்ன சொல்லைச் செய்தாகவேண்டிய முகம்.

"கோமதி, நான் என்ன சொன்னேன்?"

"சொன்னீங்க."

"போன் போடறேன்."

பாவாயி பால் கேனை இறக்கிவைத்துவிட்டு உள்ளே போனாள். பால் ஊற்றுகிறவர்கள் உள்ளே போவது வழக்கமில்லை. போனாள். கோமதி கையிலிருந்ததை வாங்கித் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். சரமாரியாக ஆரம்பித்தாள்.

"ஏன்டா சின்னு! இதுக்கு வாய் எதுடா, பொறத்தால எதுடா? வாயில போயிச் சந்தனத்தை அப்பி வெச்சிருக்கறே! காஞ்சு காரை பூசினாப்பல கெடக்குது. இது எப்படிடா மூச்சு உடும்?"

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். ஆமாம். செருகுகிற வாய் முழுக்கச் சந்தனம். நேற்று நாங்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டுதான் நின்றோம். கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் நின்றோம். ஒருவருக்கும் தோன்றவில்லை. அரிவாளுக்குப் பூசுகிறோம், லாரிக்குப் பூசுகிறோம், எதுவும் நின்றுபோனதில்லை.

"நான் சாமி கும்பிட்டேன்க்கா" என்றான் சின்னுசாமி. இத்தனை சின்னக் குரல் அவனிடம் கேட்டதில்லை.

"கும்பிடு. அப்பாதே. போன வருசம் டிராக்டருக்கு சைலன்சருலயே குங்குமத்தைக் கொட்டினவன்தானே நீ."

கூட்டம் சிரித்தது. ஊசியால் நோண்டினார்கள். துணியால் துடைத்தார்கள். ஒருவன் ஊதினான், எச்சிலும் சேர்ந்து போனது. செருகினால் அதே சிவப்புக் கட்டம். பென் டிரைவ் போய்விட்டது.

"சரி, போச்சு" என்றான் சின்னுசாமி. சிரிப்பு அடங்கினதும் குரல் திரும்பியிருந்தது. "எம்மேல தப்புத்தான். ஆனா இருந்த ஒண்ணும் போச்சே. பாஸ்கரன் எப்ப வர்றது, எப்ப மறுபடி குடுக்கறது? இந்தத் தடவை எவ்வளவு கேப்பானோ. கம்பெனிக்கே சொல்லிரலாம்."

கோமதி நிமிர்ந்தாள். "இன்னொண்ணு வாங்கிக்கலாமுங்க."

"யாருகிட்ட?"

"ஜேடர்பாளையத்துலதானுங்க."

"அவங்க எப்படிம்மா குடுப்பாங்க? எழுதினவனைக் கேக்கவேண்டாமா?"

"வேண்டாமுங்க. யாரு வேணா யாருக்கு வேணா குடுக்கலாமுன்னு அதுலயே எழுதியிருக்குதுங்க. நான் படிச்சேன்."

அவன் நம்பவில்லை. அங்கே நின்ற பாதிப்பேர் நம்பவில்லை. வாங்கின பொருள் கெட்டால் விற்றவனிடம்தான் போகவேண்டும், அதுதானே எங்களுக்குத் தெரிந்தது. பாவாயிதான் கேனைத் தூக்கிக்கொண்டே சொன்னாள், எருமைக்குத் தண்ணீர் காட்டினேன் என்கிற மாதிரி சாதாரணமாக:

"ஒறைமோரு மாதிரிதானே. நம்மூட்டுல தயிரு கெட்டுப்போனா, பால் வித்தவனையா தேடிப்போறோம்? பக்கத்தூட்டுல ஒரு கரண்டி வாங்கியாறோம். குடுத்தவ மொடாவுல கொறைஞ்சா போகுது?"

பெண்கள் எல்லாருக்கும் அந்த நிமிசத்தில் புரிந்துவிட்டது. எனக்கும். பாஸ்கரன் அரை நாள் சொன்னது அப்போதுதான் முழுசாக உள்ளே இறங்கியது.

கோமதி போன் போட்டாள். ஜேடர்பாளையத்துச் செயலாளரும் ஒரு பெண். யாரையும் கேட்கவில்லை. என்ன ஏது என்று ஒரு வார்த்தை விசாரித்தாள், சந்தனம் என்றதும் அவள் சிரித்தது வெளியே நின்ற எனக்குக் கேட்டது. சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் அவள் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் வந்து வேறொரு பென் டிரைவைக் கொடுத்துவிட்டு, டீகூடக் குடிக்காமல் போனார்.

சாயங்காலப் பாலுக்குச் சீட்டு வந்தது. கோமதி திரையை ஜன்னல் பக்கம் திருப்பினாள். எல்லாரும் முண்டியடித்துப் பார்த்தார்கள். எழுத்து தெரியாதவர்களும். நானும். எண்கள் தெரிந்தன.

சின்னுசாமி ஓரமாக நின்று பார்த்துவிட்டு, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். கையெழுத்தைப் பற்றிப் பேச்சில்லை.

புரட்டாசி 19, ஞாயிறு

நல்ல மழை. வாய்க்கால் ஓரம் வழுக்குகிறது.

மாடு தேறிவிட்டது. கயிறு வாங்கினேன். மகன் போன் பண்ணினான். அவன் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டரில் எல்லாம் திருட்டுச் சரக்குதானாம், சோதனைக்கு வருவார்கள் என்று முதலாளிக்குப் பயமாம். எங்கள் கதையைச் சொன்னேன். "நெசமாவாப்பா, நம்மூருலயா?" என்றான். எனக்குக் கொஞ்சம் கர்வமாக இருந்தது.

கோமதியைப் பார்த்தேன். சீட்டு தப்பில்லாமல் வருகிறது. ஒரே ஒரு தொல்லை, தமிழில் ஒரு இடத்தில் எழுத்து உடைந்து வருகிறதாம். பாஸ்கரனுக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். கையெழுத்து? இன்னும் இல்லை. கம்பெனிக்காரர் விலையைக் குறைத்துக்கொண்டு மறுபடி போன் பண்ணினாராம். தலைவர் யோசிக்கிறாராம்.

"மாசக் கடைசி வரைக்கும் பாக்கலாமுங்க பெரியப்பா" என்றாள். மூத்த பெண்ணைத் தானாக அடுப்புப் பற்றவைக்கப் பழக்குகிறாளாம். 

புரட்டாசி 22, புதன்

மேகம் கலைந்துவிட்டது. வெயில் சுள்ளென்று.

காலையில் பால் ஊற்றும் நேரத்தில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊரிலிருந்து அவர்கள் சொசைட்டிச் செயலாளர் வந்தார். அவர்களுக்கும் அதே கம்பெனி, அதே சிவப்புக் கட்டம். நம்மிடம் புரோகிராம் இருப்பதைக் கேள்விப்பட்டு வந்திருக்கிறார்.

சின்னுசாமிக்கு அந்த ஊர் என்றாலே ஆகாது. நம் ஆட்கள் சிலரை லிட்டருக்குக் கொஞ்சம் கூட்டிக்கொடுத்து இழுத்துக்கொண்டவர்கள். அவர் போகட்டும் என்று காத்திருந்தான்.

"அவங்களுக்கு எதுக்குச் சும்மா குடுக்கோணும்? நாம எத்தனை பாடுபட்டு ஏத்தினோம்? வேணும்னா விலைக்கு வாங்கிக்கட்டும்."

ஓசி என்று முகம் சுளித்தவன்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

கோமதி மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பதை நிறுத்தவில்லை. "நான் குடுத்துட்டனுங்க."

"எப்ப?"

"நேத்துப் பொழுதோட. போன்ல கேட்டாங்க. அவங்க பையன் வந்து வாங்கிட்டுப் போனான். இன்னைக்கு மாட்டத் தெரியலைன்னு என்னைக் கூப்பிடத்தானுங்க வந்தாரு."

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கேன் மூடி ஒன்று கீழே விழுந்து உருண்டது.

"யாரைக் கேட்டுக் குடுத்தே?"

"ஜேடர்பாளையத்துக்காரங்க யாரைக் கேட்டுங்க நமக்குக் குடுத்தாங்க?" துணியைக் கீழே வைத்தாள்.  "கையெழுத்துப் போடலைன்னாலும் சரிங்க. நானா குடுத்ததுதான்."

சின்னுசாமி வாசலைப் பார்த்தான். வரிசையைப் பார்த்தான். வரிசையில் பாவாயி. அவள் கேனை இறக்கிவைத்துவிட்டு அவனையே பார்த்தாள். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, திரும்பத் தோளிலேயே போட்டுக்கொண்டான்.

"குடுத்ததுதான் குடுத்தே. எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்லிக் குடுத்தியா?"

"சொன்னனுங்க."

"ஜேடர்பாளையத்தைச் சொன்னியா, நம்ம ஊரைச் சொன்னியா?"

"ரெண்டையும் சொன்னனுங்க."

"நம்ம ஊரை மொதல்ல சொல்லோணும்." வாய்க்கால் பக்கம் கையைக் காட்டினான். "சரி, போயி மாட்டிக் குடுத்துட்டு வா. அரைகுறையா மாட்டிக் குடுத்து நம்ம பேரைக் கெடுத்துப்போடாதே. பொழுதோடப் பாலை நான் பாத்துக்கறேன்."

"உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"ஜன்னல்ல நின்னு இத்தனை நாளாப் பாக்கறேனே!"

மத்தியானமே கோமதி போய்விட்டாள். சாயங்காலம் முட்டி வலியோடு நானே கேனைத் தூக்கிப் போனேன். பார்க்கவேண்டும் என்றுதான் போனேன். சின்னுசாமி அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கண்ணாடி மூக்கு நுனியில். ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அமுக்குகிறான். வரிசை கோயில் வரை போய்விட்டது.

"தலைவரே, எம்பாலு தயிராகுதுங்க."

"இருங்கம்மா."

"தலைவரே, எருமைப் பாலுக்குப் பசும்பால் விலை போட்டுட்டீங்க, இங்கிருந்தே தெரியுது."

"இருங்கம்மான்னா!"

அழித்தான். திரும்பப் போட்டான். மொத்தமும் எங்கோ மறைந்துபோனது. செல்லை எடுத்தான். வரிசை முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

"அம்மா கோமதி. நான்தான். எப்ப வருவே?"